நாற்பத்தேழாவது முளையில் நின்றவர்

இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பது.

நெட்டையன் என்பவர் கம்பெனிக்கு வைத்திருந்த பாக்கி இது. ஸ்டோர் லெட்ஜரில் சிவப்பு மையில் எழுதியிருந்தது. தொகைக்குப் பக்கத்தில் நாலே வார்த்தை: ‘அளவுகோலுடன் ஓடிப்போனார். விலை வசூலிக்கவும்.’

இனி நான் சொல்லப்போவது நடந்தது. பேய் என்றால் இருட்டும் பாழடைந்த வீடும் வேண்டும் என்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இங்கே இருட்டு கிடையாது. வீடு கிடையாது. ஒளிந்துகொள்ள ஒரு செடிகூடக் கிடையாது. எல்லாம் வெயிலில், வெட்டவெளியில் நடந்தது. நேரம், வெப்பம், அளவு மூன்றும் கம்பெனியின் லெவல் புத்தகத்தில் என் கையெழுத்தில் இன்றைக்கும் இருக்கின்றன. அந்தப் புத்தகத்தில் எழுதியதை ரப்பர் போட்டு அழிக்கக் கூடாது. அது அளவெடுக்கிறவர்களின் சட்டம். அதனால்தான் அந்த ஓர் அளவும் அழியாமல் கிடக்கிறது.

என்றோ வற்றிப்போன ஏரி அது. கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை உப்பு. தட்டு மாதிரி சமதளம். அதன் குறுக்கே ஒரு சாலை போட வேண்டும். போடுவதற்கு முன்னால் முப்பது மீட்டருக்கு ஒரு முளை அடித்து, ஒவ்வொரு முளையிலும் தரை எவ்வளவு உயரம் என்று பார்க்க வேண்டும். வேலை சுலபம்தான். ஒருவன் நாலு மீட்டர் கோலை முளைமேல் நிமிர்த்திப் பிடிப்பான். இன்னொருவர் முக்காலிமேல் வைத்த லெவல் கருவியின் குழாய் வழியாகக் கோலில் இருக்கும் எண்ணைப் படிப்பார். எண் கூடினால் கோல் நிற்கும் இடம் பள்ளம். குறைந்தால் மேடு. அவ்வளவுதான்.

கோல் பிடிப்பவன் என் மச்சினன். என் மனைவியின் தம்பி. படிப்பவர் இன்ஜினியர். நான் முக்காலி சுமப்பேன், கருவிமேல் வெயில் படாமல் குடை பிடிப்பேன், அவர் சொல்லும் எண்ணைப் புத்தகத்தில் எழுதுவேன். எனக்கு எழுத்து வந்ததே நாற்பத்திரண்டு வயதில். அதற்கு முன்னாலேயே எண் வந்துவிட்டது. கோலில் இருக்கும் சிவப்பு, கறுப்பு எண்களைப் பார்த்துப் பார்த்தே படித்துக்கொண்டேன்.

அந்தப் படிப்புக்காகத்தான் சமையல்காரக்கா என்னிடம் வந்தார்.

முகாமில் எங்களுக்குச் சமைத்துப் போடுபவர். கூலிச் சீட்டை நீட்டினார்.

“தம்பி, மாசாமாசம் நூத்தி முப்பது பிடிக்கிறாங்க. இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லு.”

படித்தேன். ‘ஓடிப்போன கணவர் எடுத்துச்சென்ற கோலுக்காக.’ ஏழு மாதம் பிடித்தது போக மீதி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது.

அக்கா சீட்டை வாங்கி மடித்துக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார்.

“அவர் ஓடல தம்பி. மாத்துத் துணி, வீட்டுக்கு அனுப்ப எடுத்து வச்ச பணம், எல்லாம் பெட்டியில அப்படியே இருக்கு. ஒரு கோலைத் தூக்கிட்டு ஒரு மனுசன் எங்க ஓடுவான்? பிடிக்கிறதைப் பிடிச்சுக்கட்டும். அந்த வார்த்தைதான்... அது பொய்யின்னு தெரியுற வரைக்கும் நான் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்.”

அக்காவின் கணவர்தான் நெட்டையன். எட்டு மாதம் முன்பு இதே வெளியில் கோல் பிடித்தவர். நான் வருவதற்கு முன்பே காணாமல் போனவர். தேடினார்களாம். அதற்குள் மழை வந்து ஏரி முழுக்க முழங்கால் தண்ணீர். தண்ணீர் வற்றியதும் புது உப்பு படிந்து தரை பழையபடி வெள்ளையாகிவிட்டது. காலடித் தடம்கூட மிச்சமில்லை.

நான் அவரைப் பார்த்ததே இல்லை.

அப்படித்தான் நினைத்திருந்தேன்.

முதல் நாள். காலை மணி 11:20.

எங்கள் புது லெவல் ரிப்பேருக்குப் போயிருந்தது. ஸ்டோரிலிருந்து பழைய லெவலை எடுத்துக்கொடுத்தார்கள். பழைய கருவிகளுக்கு ஒரு குணம் உண்டு. எல்லாவற்றையும் தலைகீழாகக் காட்டும். தரை மேலே இருக்கும், வானம் கீழே. ஆள் தரையைப் பிடித்துக்கொண்டு தொங்குவான். இடம் வலமாகும், வலம் இடமாகும். பழகிவிட்டால் தொந்தரவு இல்லை.

இன்ஜினியர் குழாயில் பார்த்துவிட்டுச் சிரித்தார். “இங்க வாய்யா. ஒரு வேடிக்கை பாரு.”

கண்ணை வைத்தேன். நூற்றிருபது மீட்டர் தூரத்தில் என் மச்சினன் வழக்கம்போலத் தலைகீழாகத் தொங்கினான். ஆனால் அவன் பாதத்தோடு பாதம் ஒட்டி, தரைக்கு அந்தப் பக்கம், இன்னொருவன் நேராக நின்றான். அவனுக்கும் மஞ்சள் தொப்பி. அவன் கையிலும் ஒரு கோல். நெளிந்து நெளிந்து ஆடினான்.

“என்ன சார் இது?”

“கானல். தரையை ஒட்டின காத்து அடுப்பு மாதிரி காயுது. தலை உயரத்துல அந்தச் சூடு இல்ல. சூட்டுக் காத்து லேசானது. வெளிச்சம் அதுக்குள்ள இறங்கும்போது நேராப் போகாம வளைஞ்சு மேல வந்துடும். அதனாலதான் தரையில வானம் தெரியுது, நாம தண்ணின்னு நினைக்கிறோம். உன் மச்சானுக்கும் அதே கதி. நேரா வர்ற வெளிச்சத்துல ஒரு ஆள். வளைஞ்சு வர்ற வெளிச்சத்துல கவுந்து போன இன்னொரு ஆள்.”

“இவன் நேராத்தானே நிக்கிறான்?”

“கானல் ஒரு தடவை கவுத்துது. நம்ம லெவல் ஒரு தடவை கவுத்துது. ரெண்டு கவுப்பு, நேராயிடுச்சு.”

கணக்குச் சரியாகத்தான் இருந்தது. பார்த்தேன். ஆளோடு சேர்ந்து அவன் கோலும் அதே மாதிரி இரண்டு தடவை கவிழ்ந்திருந்தது. தெரிந்த வரைக்கும் அதன் எண்கள் எனக்கு நேராகத் தெரிந்தன.

இன்ஜினியர் எப்போதும் முக்காலியில் இரண்டு வெப்பமானி தொங்கவிடுவார். தலை மட்டத்தில் ஒன்று, கணுக்கால் மட்டத்தில் ஒன்று. எழுதச் சொன்னார். மேலே 39. கீழே 51. “இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் இருந்தா கானல் வரும். ரெண்டும் ஒண்ணாயிட்டா கானல் வராது. ஞாபகம் வச்சுக்க.”

வைத்துக்கொண்டேன். இப்போதும் மறக்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் மச்சினன் கேட்டான். “குழாய்க்குள்ள நான் எப்படி இருக்கேன் மாமா?”

“வௌவால் மாதிரி தொங்குற மாப்ள.”

“எங்கக்காவைக் கட்டிக்கிட்டு நீங்க தொங்குறதை விடவா?”

இன்ஜினியருக்குப் புரை ஏறிவிட்டது. அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். இந்தக் கதையில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அத்தோடு சரி.

இரண்டாம் நாள். காலை மணி 11:45.

உப்பு வெளிச்சம் பட்டுப்பட்டு இன்ஜினியரின் கண் வீங்கிவிட்டது. தண்ணீர் கொட்டியது. ஜீப்புக்குள் துணியைக் கண்ணில் போட்டுப் படுத்துக்கொண்டார். “இன்னும் மூணு முளைதான். நீயே பாரு. கோலோட அடிப்பக்கம் படிக்காத, கானல் ஆட்டும்” என்றார்.

நாற்பத்தாறாவது முளை. 1.42. எழுதினேன். அந்த வெளியில் எங்கே பார்த்தாலும் 1.42 இல்லை 1.43. அவ்வளவு சமம்.

நாற்பத்தேழாவது முளைக்குப் போகும்படி கை காட்டினேன். வேர்வை கண்ணில் இறங்கியது. துடைத்துக்கொண்டேன். குடையைச் சரிசெய்தேன். ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

குனிந்து கண்ணை வைத்தேன்.

ஆள் நின்றிருந்தார். தரைக்கு அந்தப் பக்கம், நேராக. கானல் ஆள்தான் என்று நினைத்தேன். அவர் பாதத்தில் ஒட்டித் தொங்கவேண்டிய மச்சினனைக் காணோம். சூட்டில் கலங்கியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

கோல் தெளிவாக இருந்தது. எண்ணைப் படித்தேன்.

3.27.

எழுதினேன். எழுதிய பிறகுதான் உறுத்தியது. இவ்வளவு பெரிய எண்ணா? மறுபடி பார்த்தேன். 3.27. ஆடவே இல்லை. சுற்றிலும் எல்லாம் நெளிய, அந்த ஆளும் கோலும் மட்டும் ஆணி அடித்ததுபோல் அசையாமல்...

தொப்பி இல்லை.

நல்ல உயரம். கோலைப் பிடித்திருந்த விதம் வேறு. என் மச்சினன் இரண்டு விரலில் பிடிப்பான். இவர் குழந்தையைக் கட்டிக்கொள்வதுபோல் இரண்டு கையாலும் மார்போடு சேர்த்து அணைத்திருந்தார்.

“மாமா.”

பின்னால் குரல். திரும்பினேன்.

மச்சினன். கையில் கோல். தலையில் மஞ்சள் தொப்பி.

“தண்ணி தீந்து போச்சு மாமா. ஜீப்புக்கு வந்தேன். நீங்க கண்ணைத் துடைச்சுக்கிட்டு இருந்தீங்க, கூப்பிடல.”

குழாயில் பார்த்தேன். வெறும் கானல். தண்ணீர்போல் நெளிந்துகொண்டிருந்தது. யாரும் இல்லை.

வெப்பமானியைப் பார்த்தேன். மேலே 40. கீழே 53. கானலுக்கு உரிய சூடுதான். வெயில் மண்டையில் ஏறிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மச்சினனை அனுப்பி அதே முளையில் மறுபடி அளவு எடுத்தேன். 1.42. அடுத்த வரியில் எழுதினேன். முதலில் எழுதியதை அழிக்க முடியாது. கோடு போட்டு அடித்துவிட்டால் ஏன் அடித்தாய் என்று இன்ஜினியர் கேட்பார். என்ன சொல்வேன்? அப்படியே விட்டேன்.

சாயங்காலம் இன்ஜினியர் புத்தகத்தைப் புரட்டினார். சாப்பாட்டுக் கொட்டகையில் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். அக்கா டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

“என்னய்யா இது? நாப்பத்தேழுக்கு ரெண்டு அளவு? 3.27-ஆ?” அவர் விரலால் கணக்குப் போட்டார். “தரையில நின்னா 1.42. அதை விட ஒரு மீட்டர் எண்பத்தஞ்சு கூட வந்திருக்கு. அப்படின்னா கோலோட அடி தரைக்குக் கீழ ஆறடி ஆழத்துல இருக்கணும். பூமிக்கு அடியில நின்னுக்கிட்டா கோல் பிடிச்சான் உன் மச்சான்?”

மச்சினன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

டீ டம்ளர் நிறைந்து வழிந்தது. அக்கா கெட்டிலை நிமிர்த்தவே இல்லை.

“காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி போய் அந்த முளையை மறுபடி எடுத்துடு” என்று சொல்லிவிட்டு இன்ஜினியர் எழுந்து போனார். மச்சினனும் போனான்.

அக்கா போகவில்லை.

“யாரைத் தம்பி பாத்த?”

“யாரும் இல்லக்கா. கானல்.”

“எப்படி நின்னாரு?”

கேட்ட விதத்தில் பொய் வரவில்லை. “உயரமா... தொப்பி இல்லாம... கோலைக் கட்டிப்பிடிச்ச மாதிரி.”

அக்கா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார்.

“அப்படித்தான் பிடிப்பாரு. கோல் தொலைஞ்சா சம்பளத்துல பிடிச்சுடுவாங்கன்னு பயம். சும்மா நடக்கும்போதுகூட அதை மடக்கி நெஞ்சோட அணைச்சுக்கிட்டேதான் நடப்பாரு. நான் கேலி பண்ணுவேன், என்னைக்கூட இப்படிப் பிடிச்சதில்லையேன்னு...”

எழுந்து வழிந்த டீயைத் துடைக்க ஆரம்பித்தார். அன்றைக்கு நான் படுத்தேன், தூங்கினேன் என்று சொல்ல முடியாது.

மூன்றாம் நாள். காலை மணி 6:50.

சூரியன் அப்போதுதான் தரையைவிட்டு எழுந்திருந்தது. குளிர். வெளி முழுக்க ஒரு சத்தம் இல்லை. காற்றும் இல்லை. நானும் மச்சினனும் மட்டும். இன்ஜினியருக்கு இன்னும் கண் திறக்கவில்லை.

முக்காலியை நட்டேன். வெப்பமானிகளைப் பார்த்தேன்.

மேலே 19.

கீழே 19.

இரண்டும் ஒன்று. கானல் வர வழியே இல்லை. அதைப் பார்த்ததும் தெம்பு வந்தது. இன்றைக்குக் குழாயில் என்ன தெரிகிறதோ அதுதான் நிஜம் என்று நினைத்துக்கொண்டேன்.

மச்சினன் போய்க்கொண்டே இருந்தான். உப்பு அவன் காலடியில் நொறுங்கும் சத்தம் வெகுதூரம் கேட்டது. மொறுக்... மொறுக்... பிறகு நின்றது.

டக்.

கோலை நீட்டும் சத்தம். எங்கள் கோல் மூன்று துண்டு. மடக்கினால் ஒன்றரை மீட்டர். ஒவ்வொரு துண்டை இழுக்கும்போதும் ஸ்பிரிங் பூட்டு விழும்.

டக்.

இரண்டாவது துண்டு. சரி. குனிந்து கண்ணை வைத்தேன்.

குழாயின் பார்வை குறுகலானது. அந்தத் தூரத்தில் இரண்டு ஆள் அகலம்தான் தெரியும். ஓரமாக ஒரு கோல் தெரிந்தது. அந்த நேரம் என் கண் கோலைத்தான் பார்த்தது, ஆளைப் பார்க்கவில்லை. கோல் நடுவுக்கு வர வேண்டும். வலப்பக்கம் நகரச் சொல்லிக் கையை நீட்டினேன்.

கோல் நகரவில்லை.

மறுபடி கை நீட்டினேன்.

மொறுக்... உப்பு நொறுங்கியது. ஆனால் குழாயில் கோல் அசையவில்லை.

“நகரு மாப்ள” என்று முணுமுணுத்துக்கொண்டே மறுபடி கை. மறுபடி. மறுபடி.

மொறுக். மொறுக். மொறுக்.

அசையவில்லை.

அப்போதுதான் ஆளைப் பார்த்தேன்.

நேராக நின்றார்.

தரைக்கு அந்தப் பக்கம்.

தொப்பி இல்லை. கோலை அணைத்திருந்தார்.

கானல் இல்லாத காலை. 19-க்கு 19.

கண்ணை எடுக்க வேண்டும். எடுக்க முடியவில்லை. குழாயின் ஓரத்தில் ஏதோ அசைந்தது. மஞ்சள் தொப்பி. தலைகீழாக. என் மச்சினன். நான் காட்டிய கைக்கெல்லாம் கீழ்ப்படிந்து, ஒவ்வோர் அடியாக... அவரை நோக்கி வந்துகொண்டிருந்தான்.

அவர் ஒரு கையைக் கோலில் இருந்து எடுத்தார்.

தூக்கினார்.

காற்றில் இரண்டு முறை வெட்டினார்.

கோல்காரர்களுக்குள் இருக்கும் சைகை அது. வெளியாட்களுக்குத் தெரியாது.

‘இடம் சரி. முளையை இங்கேயே அடி.’

“நில்லு! மாப்ள, நில்லுடா!”

என் குரல் எனக்கே யாருடையதோ போல் கேட்டது. வெறும் கண்ணால் பார்த்தேன். அங்கே மச்சினன் ஒருவன்தான் நின்றான். வேறு யாரும் இல்லை. முளையைவிட்டு நாலைந்து அடி தள்ளி வந்திருந்தான். என் பக்கம் திரும்பிக் கையை விரித்தான், ‘என்ன?’ என்று.

கோலை முன்னால் ஊன்றினான்.

பொட்டென்று ஒரு சத்தம்.

கோல் ஏறக்குறையப் பாதி தரைக்குள் இறங்கியது. அதோடு அவனும் சரிந்தான். ஒரு கால் உள்ளே. மார்பு உப்பில். நான் ஓடினேன். வாழ்நாளில் அப்படி ஓடியதில்லை.

“கோலை விடுடா!”

விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்திருந்தான். அதன்மேல் குனிந்து குனிந்து தலை உள்ளே போய்க்கொண்டிருந்தது.

“போயிடும் மாமா! விலையைப் பிடிச்சுடுவாங்க!”

“விட்டுத் தொலைடா!”

அவன் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். வந்தான். கையை விட்டான். இருவரும் மல்லாக்க விழுந்தோம்.

“மாமா... கோல் இன்னும் நிக்குது.”

பார்த்தேன். நின்றது. குழிக்குள் பாதி, வெளியே பாதி. யாரும் பிடிக்கவில்லை. சாயவில்லை. இறங்கவும் இல்லை.

“நான் இழுத்தப்ப வரல மாமா. கீழ யாரோ பிடிச்சிருந்தாங்க.”

மணி 7:04.

தவழ்ந்து போய் எட்டிப் பார்த்தேன். இரண்டடிகூட அகலமில்லாத குழி. உள்ளே கலங்கிய உப்புத் தண்ணீர். உடைந்த உப்புப் பாளம் மிதந்தது. அது மெல்ல விலகியது.

ஒரு சாண் கீழே ஒரு செருப்பின் அடி தெரிந்தது.

பக்கத்தில் இன்னொன்று.

பாதம் மேலே. ஆள் கீழே.

அதற்குப் பிறகு வர வேண்டியவர்கள் வந்தார்கள். எழுத வேண்டியதை எழுதினார்கள். உப்புத் தண்ணீருக்காக எந்தக் காலத்திலோ தோண்டி, அப்படியே விட்டுப்போன குழியாம். மேலே உப்பு மூடியதால் தரை மாதிரியே கிடந்திருக்கிறது. நெட்டையன் கோலை மடக்கி எடுத்துக்கொண்டு நடந்திருக்கிறார். பாளம் உடைந்து கோல் குழிக்குள் போயிருக்கிறது. அதை எட்டிப் பிடிக்கக் குனிந்திருக்கிறார். தலை முதலில் போய்விட்டது. என் மச்சினன் செய்ததைத்தான் செய்திருக்கிறார். அவர் இடுப்பைப் பிடித்து இழுக்கத்தான் ஆள் இல்லை.

உப்பில் கிடந்ததால் உடம்பு கெடவில்லை. வெளியே எடுத்தபோது இரண்டு கையும் கோலை மார்போடு அணைத்திருந்தன. பிரித்தெடுக்க நேரமாயிற்று.

குழியின் அடியில் கோல் ஊன்றியிருந்த இடம்வரைக்கும் இன்ஜினியர் டேப் விட்டுப் பார்த்தார். ஒரு மீட்டர் எண்பத்தைந்து.

லெவல் புத்தகத்தைத் திறந்தார். நாற்பத்தேழாவது முளை. 3.27. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. மூடினார். அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

நானும் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தேன். இப்போது சொல்கிறேன். முதல் நாள் கானலில் ஆள் கவிழ்ந்தபோது கோலும் சேர்ந்து கவிழ்ந்தது. கானல் என்றால் அப்படித்தான், எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கவிழ்க்கும். ஆனால் நான் 3.27 படித்த கோல், பழைய லெவலில் எந்தக் கோலும் தெரிவதுபோலத் தலைகீழாகத்தான் தெரிந்தது. ஆள் மட்டும்தான் நேராக நின்றார். தலைகீழாகக் காட்டும் குழாயில் ஒருவர் நேராகத் தெரிந்தால் அவர் நிஜத்தில் எப்படி இருக்க வேண்டும்?

குழாய் பொய் சொல்லவில்லை. இருந்ததை இருந்தபடிதான் காட்டியது.

கோலை ஸ்டோரில் ஒப்படைக்கப் போனோம். நான், அக்கா, இன்ஜினியர். ஸ்டோர்காரர் கோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீட்ட முயன்றார். வரவில்லை. சுத்தியலால் தட்டினார். எண்ணெய் விட்டார். அசையவில்லை. உப்பு ஏறி ஸ்பிரிங் இரண்டும் கல்லாகியிருந்தன.

“உள்ள போன நாள்ல இருந்து இது திறக்கவே இல்லய்யா” என்றார். “மடக்கினது மடக்கினபடி இறுகிப்போச்சு.”

மடக்கிய கோலில் ஒன்றரை மீட்டர் வரைக்கும்தான் எண் தெரியும்.

நான் படித்தது 3.27.

ஸ்டோர்காரர் லெட்ஜரைப் பிரித்தார். பிடித்த பணம் தொள்ளாயிரத்துப் பத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார் இன்ஜினியர். எண்ணி மேசைமேல் வைத்தார்கள். அக்கா அதைத் தொடவில்லை.

“முதல்ல அந்த வார்த்தையை அடிங்க.”

ஸ்டோர்காரர் பேனாவை எடுத்து ‘ஓடிப்போனார்’ என்பதன்மேல் ஒரு கோடு போட்டார். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

“கோல் திரும்ப வந்தாச்சுன்னு எழுதணும். ஒப்படைச்சவர் யாருன்னு போடறது? உன் பேரா?” ஸ்டோர்காரர் என்னைக் கேட்டார்.

“அவர் பேரைப் போடு தம்பி” என்றார் அக்கா. “அவர்தானே கொண்டாந்து கொடுத்தாரு.”

பேனாவை வாங்கினேன். அக்கா அவருடைய முழுப் பெயரையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நெட்டையன் என்று மட்டுமே கேட்டிருந்த எனக்கு அன்றைக்குத்தான் அந்தப் பெயர் தெரிந்தது. எழுத்துப் பிசகாமல் எழுதினேன்.

அதற்குக் கீழே, கடைசிக் கட்டத்தில், இதையும் எழுதினேன்.

பாக்கி: இல்லை.